தோட்டத்துப் பெரியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனை

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்யும் என் மாமாவுக்கு வயது 58, முப்பது வருடமாகப் பீடி குடிக்கிறார். இருமலோ இளைப்போ இல்லாததால், ஒரு நாள் பேர் (அன்றைய வேலைப் பதிவும் சம்பளமும்) போய்விடும் என்று கூறிப் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் போதுமா?

பதில்: போதாது, தம்பி. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிடக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 சதவீதம் குறைவாக இருந்தன.

பதில்: அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை; பஸ் செலவும் இழக்கும் பேருமே தடை. எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நால்வரைச் சேர்த்து, தோட்டத்து டிஸ்பென்சரியில் வைத்தியசாலைக்கு அனுப்பும் துண்டு வாங்கி, ஒரே வேனில் கண்டிக்குக் கூட்டிச் சென்றோம். (வழி நெடுக முணுமுணுத்தவர்தான் முதலில் இறங்கினார்.) சளியில் இரத்தம் கண்டால் முறை பார்த்துக் காத்திருக்க வேண்டாம்; காசநோய்க்கான சளிப் பரிசோதனையையும் அன்றே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி அக்கா, அடுத்த வீட்டுத் தாத்தாவையும் சேர்த்துக்கொள்கிறேன்.