பர்கூர் மாட்டைக் கட்டுத்தறியில் கட்டி வளர்க்க முடியுமா?

கோபி தோட்டம் கேட்டது:
கோபிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூணு ஏக்கர், மஞ்சளும் வாழையும். ரெண்டு கலப்பின மாடு இருக்கிறது, தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, ஒன்றைக் கொடுத்துவிட்டு நாட்டு மாடு வைக்கலாம் என்று யோசனை. போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு பர்கூர் கிடேரியைப் பார்த்தேன். செம்மறை, சிவப்பு உடம்பில் திட்டுத் திட்டாக வெள்ளை, கண்ணை எடுக்க முடியவில்லைங்க. கையை நீட்டினதும் கயிறு பிடித்திருந்தவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நாலடி தள்ளிப்போய், காதை விடைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. இந்த வருஷம் வாங்கலாமா? வீட்டுக்குப் பாலும் தோட்டத்துக்குச் சாணியும் வேண்டும்.

அந்தியூர்க்காரன்:
கட்டிப்போடத்தான் என்றால் வேண்டாங்க. அது பட்டி மாடு. பர்கூர் மலையில் லிங்காயத்து மக்கள் காட்டில் பட்டி போட்டு வைத்து, காலையில் திறந்துவிட்டால் சரிவெல்லாம் ஏறி இறங்கி மேய்ந்துவிட்டுப் பொழுது சாயப் பட்டிக்கு வந்து சேரும். நான் ஒரு பட்டியில் நின்று பார்த்தேன், பெரியவர் கன்னடத்தில் ஒரு குரல் கொடுத்தார், அத்தனை மாட்டில் ஒன்று மட்டும் தலையைத் தூக்கிவிட்டு அவரிடம் நடந்து வந்தது. நான் ஓர் அடி வைத்தேன், மொத்தக் கூட்டமும் நகர்ந்துவிட்டது. பால் கன்றுக்குப் போக ஒன்றிரண்டு லிட்டர் கிடைத்தால் பெரிது. அந்த மலையில் மாட்டைப் பாலுக்காக வைப்பதைவிட எருவுக்கும் கன்றுக்கும் வைப்பதுதான் அதிகம். பட்டி எருவைக் கீழ்நாட்டுத் தோட்டக்காரர்கள் விலைக்கு வாங்குகிறார்கள், உங்கள் மஞ்சளுக்கும் அங்கேயே வாங்குங்கள். 2024இல் அந்தக் காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆனதிலிருந்து மேய்ச்சல் என்ன ஆகுமோ என்று அவர்கள் கலங்கிப்போய் இருக்கிறார்கள். மேய்ச்சல் நின்றால் பட்டி இல்லை, பட்டி இல்லை என்றால் இந்த மாடும் இல்லை.

கொறங்காடு:
பாலும் வேண்டும், ஆளோடு பழகவும் வேண்டும் என்றால் காங்கேயம் மாடு பாருங்கள். பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. ஆனால் அதுவும் கட்டுத்தறி மாடு இல்லை. எங்களுக்குக் கொறங்காடு இருக்கிறது, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம், உள்ளே கொழுக்கட்டைப்புல், நிழலுக்கு வெள்வேல மரம், மாடு தானாகவே மேய்ந்துகொள்ளும். இன்னொன்று, கன்று சிவப்பாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், காங்கேயம் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும், ஆறு மாதம் போல ஆனால் நிறம் மாறிவிடும்.

பவானிக்கரை:
நான் பர்கூர் வைத்திருக்கிறேன், முடியாது என்று சொல்ல மாட்டேன். பால் மறந்த கிடேரிக்கன்றாகப் பிடித்து வந்தேன். தினமும் கையில் சோளத்தட்டு நீட்டி, எட்டு மாதம் கழித்துத்தான் நெற்றியைத் தொட விட்டது. இன்றும் என் வீட்டுக்காரி போனால் நிற்கும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தால் கயிறு அறுந்துவிடும். தினமும் ரெண்டு மணி நேரமாவது நடத்திக்கொண்டு போக ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கோபி தோட்டம்:
எங்கள் வீட்டில் அதற்கு ஆள் இல்லைங்க. சரி, பட்டி எரு ஒரு லோடு சொல்லலாம் என்று இருக்கிறேன். அந்தியூர் அண்ணா, மலைக்கு எந்த மாதம் வந்தால் எரு கிடைக்கும்?