மாதுளம்பழம் பாத்து வாங்குறது எப்படி?

கேள்வி:
எங்க வீட்ல எல்லாருக்கும் மாதுளைன்னா உயிர், ஆனா கடையில நல்லா செவசெவன்னு இருக்கேன்னு வாங்கிட்டு வந்தா உள்ள வெளுத்துப்போய் சப்புன்னு இருக்கு, ஒரு தடவை அறுத்தா பாதி முத்து கருப்பாவே இருந்துச்சு. வெளிய இருந்து எப்படி கண்டுபிடிக்கிறது? உரிக்கும்போது சட்டையெல்லாம் கறையாகுது, அதுக்கும் வழி சொல்லுங்க.

பதில் 1:
கலரை நம்பி எடுக்காதீங்க, கையில தூக்கிப் பாருங்க. ஒரே சைஸ்ல ரெண்டு எடுத்தா எது கனமோ அதுலதான் சாறு. முழு உருண்டையா இருக்கிறதை விட அங்கங்க பட்டை தட்டி லேசா சதுரமா இருக்கிற பழம் எடுங்க, உள்ள முத்து பருத்து தோலை நெட்டித் தள்ளுனா அப்படித்தான் வரும். இன்னொன்னு, மாம்பழம் மாதிரி வீட்ல வச்சா பழுக்கும்னு காயா வாங்கிடாதீங்க, மாதுளை பறிச்சப்புறம் பழுக்கவே பழுக்காது. உள்ள கருப்பா இருக்கிறது பூஞ்சை, பூ விடுற நேரத்துலயே உள்ள போயிடும், தோல் பளபளன்னுதான் இருக்கும், சைஸுக்கு கனம் இல்லாத பழத்தை விட்டுடுங்க.

பதில் 2:
வெளுப்புன்னாலே மட்டம்னு இல்லங்க. இப்ப கடையில அதிகம் வர்றது மகாராஷ்டிரா சோலாப்பூர் பக்கத்து பக்வாங்கிற ரகம், அது தோலும் முத்தும் நல்ல சிவப்பு. கணேஷ்னு பழைய ரகம் ஒண்ணு இருக்கு, தோல் மஞ்சளும் ரோஸும் கலந்திருக்கும், முத்தும் வெளிர் ரோஸ்தான், ஆனா இனிப்பு, விதையும் மெத்துனு இருக்கும். பல்லு சரியில்லாத பெரியவங்களுக்கு நான் அதைத்தான் தேடி வாங்குவேன். சப்புன்னு இருந்தா மட்டும் அது பழத்தோட குறை.

பதில் 3:
கறைக்கு நான் சொல்றேன் சிஸ்டர். குறுக்க வெட்டவே வெட்டாதீங்க, கத்தி முத்தை அறுத்துதான் சாறு தெறிக்குது. மேல கிரீடம் மாதிரி இருக்கிறதைச் சுத்தி தோலை மட்டும் வெட்டி எடுங்க, உள்ள வெள்ளைச் சவ்வு பிரியுற கோடு தெரியும், அந்தக் கோட்டுல மேல இருந்து கீழ தோலை மட்டும் கீறி கையால பிளந்தா சுளை சுளையா வந்துடும். பெரிய பாத்திரத்துல தண்ணி ஊத்தி அதுக்குள்ள வச்சு உதுத்தா முத்து அடியில தங்கும், சவ்வு மேல மிதக்கும், அள்ளி எறிஞ்சுடலாம். ஜூஸ் போட்டா மிக்ஸியை விட்டு விட்டு ரெண்டு சுத்து சுத்தி வடிகட்டுங்க, விதை அரைபட்டா கசந்துடும்.

பதில் 4:
தயிர்சாதத்துக்கு போடுறவங்க சாப்பிடுற நேரத்துல மேல தூவுங்க, முன்னாடியே கலந்து வச்சா சாதம் ரோஸாகி முத்தும் சொதசொதன்னு ஆயிடும். கடுகு, இஞ்சி தாளிச்ச தயிர்சாதத்துல நடுநடுவுல ஒரு முத்து கடிபட்டு வெடிக்கணும், அதுக்காகத்தான் போடுறதே.