செகண்ட் லைஃபில் ஐம்பது வயதுத் தோற்றம்: தலை, உடல், உடை, எதிலிருந்து தொடங்குவது?

தாழைமடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு செகண்ட் லைஃப் என்னும் இணைய மெய்நிகர் உலகுக்குத் திரும்பியிருக்கிறேன். நான் விலகிய காலத்தில் மெஷ் உடைகள் (தனி முப்பரிமாண வடிவமாகச் செய்தவை) அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. எல்லோருக்கும் ஒரே அடிப்படை உடல் இருந்தது, சட்டையும் காற்சட்டையும் அந்த உடலின் மேல் வண்ணமாகவே படிந்தன. இப்போது கடைகளில் ஒவ்வொரு உடையும் இன்ன உடலுக்கு உரியது என்ற குறிப்போடு விற்கப்படுகிறது. அத்தகைய கவுன் ஒன்றை என் பழைய உடலில் அணிந்தால் தோளும் இடுப்பும் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிகின்றன.

என் அவதார் ஏறத்தாழ ஐம்பது வயதுப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்: கறுத்த நிறம், சற்றுப் பருத்த உடல், குறைந்த உயரம், நரை கலந்த கூந்தல். அந்த உருவத்தோடுதான் அங்கு மற்றவர்களிடம் பேசவும் பழகவும் விரும்புகிறேன். ஆனால் எங்கு திரும்பினாலும் இருபது வயதும் நெட்டை உருவமும் வழவழப்பான முகமுமாகவே இருக்கின்றன. நான் நினைக்கும் தோற்றத்தை அடைய எதை முதலில் மாற்ற வேண்டும், எதற்குப் பணம் செலவிடுவது தகும் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மழைக்குருவி எழுதியது:

மீண்டும் நல்வரவு. நீங்கள் இல்லாத காலத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கவுன் பொருந்தாததற்கான காரணம் அதில்தான் இருக்கிறது. 2011-இல் மெஷ் பொருள்களைப் பதிவேற்ற வழி திறக்கப்பட்டபோது உடைகள் அவதாருக்குள் உள்ள எலும்புகளின் அசைவைப் பின்பற்றினவே தவிர, உருவ அளவை மாற்றும் ஸ்லைடர்களில் பருமனுக்கானவற்றை நகர்த்தினால் உடல் மட்டும் பருத்தது, துணி அப்படியே நின்றது. அதனால்தான் ஒரே உடையை ஐந்து அளவுகளில் கொடுத்தார்கள். 2014-இல் வந்த ஃபிட்டட் மெஷ் அந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது. துணியும் ஷேப்பை (ஸ்லைடர்களில் அமைத்த உருவ அளவுகளின் தொகுப்பை)ப் பின்பற்றி விரியவும் சுருங்கவும் தொடங்கியது. 2016-இன் இறுதியில் வந்த பென்டோ, விரல்களுக்கும் முகத்துக்கும் தனி எலும்புகளைக் கொடுத்தது. 2019-இல் வந்த பேக்ஸ் ஆன் மெஷ், பழைய முறையிலான ஸ்கின் (தோலின் படம்), டாட்டூ (தோலின் மேல் படியும் படம்), ஆல்ஃபா (உடற்பகுதியை மறைப்பது) ஆகிய லேயர்களை மெஷ் உடலின் மேலும் அணிய வழி செய்தது. ஆகவே உங்கள் இன்வென்டரியில் (பொருள் சேமிப்பில்) கிடக்கும் பழைய ஸ்கின்னும் உடைகளும் அடியோடு வீணாகிவிடவில்லை.

கடைக்காரர் எந்த மெஷ் உடலின் வடிவத்தின் மேல் உடையைத் தைத்தாரோ அந்த உடலில்தான் அது ஒழுங்காக உட்காரும். எனவே என் கருத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது உடல். நீங்கள் அணிய நினைக்கும் உடைகளை மார்க்கெட்பிளேஸ் என்ற இணையக் கடையில் தேடி, அவை எந்தெந்த உடல்களுக்குக் கிடைக்கின்றன என்று பார்த்த பிறகே உடலை வாங்குங்கள். மெய்ட்ரேயா கடையின் லாரா போன்ற உடல்களுக்கு ஏராளமான உடைகள் கிடைக்கின்றன. அழகான ஆனால் அரிதான ஓர் உடலை வாங்கிவிட்டு அணிய ஒன்றுமில்லாமல் நிற்பவர்கள் பலர். பணம் செலவிடத் தயக்கமாக இருந்தால், செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் 2023-இல் வெளியிட்ட சென்ரா உடலை விலையின்றி எடுத்துப் பழகிப் பார்க்கலாம்.

நீலக்கல் எழுதியது:

மழைக்குருவி கூறியது உடைக்குச் சரி. ஆனால் தாழைமடல் கேட்பது ஒரு குறிப்பிட்ட மனிதரின் தோற்றம். அதைத் தருவது ஷேப்தான். உடலையும் தலையையும் கடையில் எவரும் வாங்கலாம், ஒரே தலையை ஆயிரம் பேர் அணியலாம். அந்த ஆயிரம் பேரும் கடைக்காரர் கொடுத்த ஷேப்பை அப்படியே அணிந்துகொள்வதால்தான் எல்லா முகங்களும் ஒன்றுபோல இருக்கின்றன. பூஜ்யத்திலிருந்து நூறு வரை நகரும் அந்த ஸ்லைடர்களுக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுவதற்கு ஈடாக எந்தக் கடையிலும் எதுவும் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு ஷேப்பைத்தான் அணிய முடியும்; முகத்தின் எண்களும் உடலின் எண்களும் அந்த ஒன்றுக்குள்ளேயே இருக்கின்றன. தலையோடு வரும் ஷேப்பை அணிந்தவுடன் நீங்கள் பாடுபட்டு அமைத்த உடல் காணாமற்போய், மெலிந்த இடுப்பும் நீண்ட கால்களும் வந்துவிடும். ஆகவே அந்த ஷேப்பை அணிந்து, தலை, கண், மூக்கு, வாய், தாடை ஆகிய பகுதிகளின் எண்களை மட்டும் குறித்துக்கொண்டு, அவற்றை உங்கள் சொந்த ஷேப்பில் இடுங்கள். திருத்த அனுமதி இல்லாத ஷேப்பை விலை கொடுத்து வாங்காதீர்கள். அதில் எண்களைப் பார்க்கக்கூட வழி இருக்காது.

உயரத்தைப் பொறுத்தவரை உங்கள் விருப்பத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். கேமரா அவதாரின் தலைக்குப் பின்னால் சற்று மேலே நிற்பதால் அறைகளையும் கதவுகளையும் பெரிதாகக் கட்டினார்கள், அதற்கேற்ப மனிதர்களும் வளர்ந்தார்கள். உயரத்தைக் குறைக்கும்போது தலையின் அளவையும் கைகளின் நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி தொடையின் நடுப்பகுதி வரை வர வேண்டும். தலையை அளவுகோலாகக் கொண்டால் மொத்த உயரம் ஏழு அல்லது ஏழரைத் தலை இருந்தால் போதும். அங்கு நடமாடுவோரில் பலருக்கு முழங்கை இடுப்புக்கு மேலேயே நின்றுவிடுகிறது, தலையோ மிகச் சிறியதாக இருக்கிறது. பார்ப்பவருக்கு ஏதோ உறுத்துவது இதனால்தான்.

பருத்த உடலுக்கு வயிறு, இடுப்பின் பக்கச் சதை, உடல் கொழுப்பு ஆகிய ஸ்லைடர்களை உயர்த்திவிட்டு, உடலின் டெமோவையும் (அணிந்து பார்ப்பதற்கான மாதிரி) உடையின் டெமோவையும் சேர்த்து அணிந்து உட்கார்ந்தும் நடந்தும் பாருங்கள். டெமோக்கள் பெரும்பாலும் இலவசம் அல்லது அங்குள்ள நாணயமான லிண்டன் டாலர் ஒன்றுதான். பெரிய எண்களில் சில உடல்கள் இயல்பாகப் பருக்கின்றன, சில மடிப்புகளில் உடைகின்றன. உங்கள் எண்களில் தாங்கி நிற்கும் உடலே உங்களுக்குரிய உடல். உடைகளின் எண்ணிக்கை அதற்கு அடுத்தபடிதான்.

வெண்சங்கு எழுதியது:

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கறுத்த ஸ்கின்னைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் தேவை, ஏனெனில் விற்கப்படும் கறுத்த நிறங்களில் கணிசமானவை, வெளிர் நிறத்துக்கு வரைந்த படத்தைக் கருமையாக்கியவை மட்டுமே. அப்படிச் செய்யும்போது மூக்குத் தண்டிலும் கன்னத்திலும் வரையப்பட்டிருந்த ஒளி சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும், உதடு ஊதாவாகும், உள்ளங்கையும் புறங்கையும் ஒரே நிறமாக இருக்கும். டெமோவை அணிந்ததும் முகத்தைப் பார்க்கும் முன் கைகளைப் பாருங்கள். உள்ளங்கை வெளிறியும் விரல் கணுக்கள் கூடுதலாகக் கறுத்தும் இருந்தால், வரைந்தவர் கறுத்த தோலை உற்று நோக்கி வரைந்திருக்கிறார் என்று நம்பலாம்.

தலைக்கும் உடலுக்கும் ஸ்கின் தனித்தனியாக விற்கப்படுவதால் கழுத்தில் கோடு தெரிவது பொதுவான தொல்லை. நிறம் சரியாகவே இருந்தும் கோடு தெரிகிறது என்றால், உடலில் பளபளப்புக்கான மெட்டீரியல் இருந்து தலையில் இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் கோடு மறையும். நண்பகல் ஒளியில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சூரியன் சாயும் ஒளியை அமைத்து, பக்கவாட்டில் நின்றும் பாருங்கள்.

வயது தெரிய வேண்டுமென்றால் தனி ஸ்கின் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணோரச் சுருக்கம், வாயோரக் கோடு, கழுத்து மடிப்பு ஆகியவை டாட்டூ லேயராகவே கிடைக்கின்றன. பேக்ஸ் ஆன் மெஷ் இருப்பதால் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணியலாம்.

தாழைமடல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நீலக்கல் சொன்ன வரிசையையே பின்பற்ற முடிவு செய்திருக்கிறேன்: முதலில் என் ஷேப், பிறகு அதைத் தாங்கும் உடலும் தலையும், அதன் பின் ஸ்கின், கடைசியில் உடை. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. மெஷ் உடலிலும் சில இடங்களில் தோல் துணிக்கு வெளியே எட்டிப்பார்க்கிறது. நரைத்த கூந்தலின் டெமோ ஒன்றை அணிந்தபோது, மெல்லிய துணியாலான மேலாடைக்குப் பின்னால் முடியின் நுனிகள் மறைந்து மறைந்து தோன்றின. இவற்றுக்கு என்ன செய்வது?

மழைக்குருவி எழுதியது:

முதலாவதற்கு ஆல்ஃபா லேயர்தான் தீர்வு. உடையின் அடியில் இருக்கும் உடற்பகுதியை அது கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். பல உடைகளின் பெட்டியிலேயே அதற்குரிய ஆல்ஃபா இருக்கும். இல்லாவிட்டால் உடலோடு வரும், திரையில் தோன்றும் ஹட் என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் அந்தப் பகுதியை மட்டும் அணைத்துவிடலாம். சரிசெய்த பின் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு அவுட்ஃபிட்டாகச் சேமித்துக்கொண்டால் அடுத்த முறை இந்த வேலை இருக்காது.

இரண்டாவது கூந்தலின் குறை அல்ல. ஒளி ஊடுருவும் இரண்டு பரப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது எது முன்னால் இருக்கிறது என்பதை வியூவர் (அவ்வுலகைத் திரையில் காட்டும் மென்பொருள்) தவறாகக் கணித்துவிடுகிறது. திருத்த அனுமதி உள்ள பொருளாக இருந்தால், இரண்டில் ஒன்றின் ஆல்ஃபா முறையை (ஒளி ஊடுருவும் விதத்தை) பிளெண்டிங்கிலிருந்து, அதாவது பாதி தெரியும் முறையிலிருந்து, முழுதாகத் தெரியும் அல்லது அடியோடு மறையும் மாஸ்கிங்குக்கு மாற்றுங்கள். முடி நுனியின் மென்மை சற்றுக் குறையும், ஆனால் மறைவது நின்றுவிடும். அனுமதி இல்லையென்றால் வேறு மேலாடைதான்.

நீலக்கல் எழுதியது:

தோற்றம் முடிந்ததும், உங்கள் உருவத்தை வரைவது கணினிக்கு எவ்வளவு பாரம் என்று காட்டும் அவதார் காம்ப்ளெக்சிட்டி எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2016 முதல் ஒவ்வொருவரும் தம் வியூவரில் இதற்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ள முடிகிறது. அதைத் தாண்டுபவர்களை வியூவர் முழுமையாக வரையாமல் ஒரு பொம்மை உருவமாகக் காட்டிவிடும். நீங்கள் நுணுக்கமாக வரைந்த கண்ணோரச் சுருக்கம் எதிரில் நிற்பவருக்குத் தெரியாமலே போனால் உழைப்பெல்லாம் எதற்கு?

எண்ணை ஏற்றுவது பெரும்பாலும் உடலோ உடையோ அல்ல, நகைகளும் பழைய முறைக் கூந்தலும்தான். ஒரு மோதிரத்துக்கு 1024-க்கு 1024 பிக்சல் அளவுள்ள டெக்ஸ்சர் (மேற்பரப்பில் படியும் படம்) மூன்று நான்கு வைத்திருப்பார்கள். அவை ஒவ்வொன்றும் கிராஃபிக்ஸ் நினைவகத்தில் சுமார் 4 எம்.பி. இடத்தை எடுக்கும், 512 அளவில் இருந்தால் 1 எம்.பி. போதும், விரலின் அளவுக்கு அதுவே மிகுதி. காம்ப்ளெக்சிட்டி எண் டெக்ஸ்சரின் பாரத்தை முழுமையாகக் காட்டுவதில்லை என்பதால், எண் குறைவாக இருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஒவ்வொரு நகையாகக் கழற்றி எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். எது பெரிதாக இறக்குகிறதோ அதற்கு மாற்றாக எளிய வடிவமுள்ள ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.