ஸ்ட்ரைட் பியானோ: பழைய 78 தட்டுகளில் இடது கையைக் கேட்பது எப்படி?

ஸ்ட்ரைட் என்பது 1920களின் ஜாஸ் பியானோ பாணி. 78 என்பது நிமிடத்துக்குச் சுமார் 78 சுற்று சுற்றும் பழைய அரக்குத் தட்டு. கேட்கும்போது முதலில் வலது கையை விட்டுவிடுங்கள். நாலு எண்ணிக்கையில் ஒன்று, மூன்று எண்ணும்போது இடது கை கீழே ஒற்றைச் சுரமோ ஆக்டேவோ (அதே சுரம் இரண்டு ஸ்தாயியில்) வாசிக்கும். இரண்டுக்கும் நாலுக்கும் நடுக்கட்டைகளில் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள். அடிப்படை இவ்வளவுதான். ஸ்ட்ரைட் பியானோ கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சன் 1921இல் ஓக்கே ரெக்கார்டு கம்பெனிக்கு வாசித்த 'கரோலினா ஷவுட்' முதல் பகுதியிலேயே இதை மீறுகிறது. எட்டு எண்ணிக்கையை இடது கை 3+3+2 என்று பிரித்துவிடும். தாளம் தவறியதுபோல் தோன்றும், தவறியிருக்காது.

---

'கரோலினா ஷவுட்' தட்டில் இடது கை சரியாகக் கேட்கவில்லை, பாஸைக் கூட்டலாமா என்கிறீர்களா? அது ஒலிவாங்கி வருவதற்கு முந்தைய பதிவு, சார். ஒலியைச் சேர்க்கும் கூம்புக்கு முன்னால் வாசித்தது, அடிச்சுரங்கள் சரியாக ஏறவே இல்லை. பாஸைக் கூட்டினால் மோட்டார் உறுமல்தான் கூடும். இடது கை தெளிவாகக் கேட்க வேண்டுமா? இன்னொரு ஸ்ட்ரைட் கலைஞர் ஃபேட்ஸ் வாலர் 1929இல் விக்டர் கம்பெனிக்கு வாசித்த 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' போடுங்கள், அது ஒலிவாங்கி வைத்து எடுத்த மின்பதிவு. ஆக்டேவுக்கும் மேலே ஒரு மூன்றாம் சுரம் எட்டுகிற 'டென்த்' வாலரின் பெரிய கைக்குச் சுலபம். கை சின்னதென்றால் உருட்டி வாசிக்க வேண்டும். கீழ்ச்சுரம் எண்ணிக்கைக்குச் சற்று முன்பே விழும், அதைக் காலால் அழுத்தும் பெடல்தான் தாங்கும். பெடலை நேரத்தில் விடாவிட்டால் அடுத்த கார்ட் கலங்கிப்போகும்.

---

வேகத்தையும் பாருங்கள். 78 என்று பெயர்தானே தவிர, அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதிவானவை அல்ல. 'கரோலினா ஷவுட்' ஜி மேஜர், நம் சுருதிக் கணக்கில் ஐந்து கட்டை. 78இல் ஓட்டும்போது சுருதி ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் நின்றால் நிமிடத்துக்கு இரண்டே கால் சுற்று குறைக்கலாம். அரைக்கட்டை என்பது வேகத்தில் ஏறக்குறைய 6%.

---

பிற்கால எல்பி தட்டுக்கான மெல்லிய ஊசி வேண்டவே வேண்டாம். 78 பள்ளம் அகலம். மெல்லிய முனை அடியில் கிடக்கும் தூசியை உரசிக்கொண்டே போகும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முனை வாங்குங்கள், மோனோவில் கேளுங்கள். துடைக்க ஆல்கஹால் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

பியானோ ரோல், அதாவது தானியங்கி பியானோவை இயக்கும் துளையிட்ட காகிதச் சுருள், கதை வேறு. ஜாஸ் பியானோ கலைஞர் டியூக் எலிங்டன் ஜான்சனின் ரோலை மெதுவாக ஓடவிட்டுக் கட்டைகள் இறங்குவதைப் பார்த்துத்தான் 'கரோலினா ஷவுட்' கற்றார். விரல் வரிசைக்கு ரோல் நல்லது. ஆனால் சாதாரண ரோலில் அழுத்தம் பதிவாகாது, துளைகளையும் பிறகு திருத்தியிருப்பார்கள். தொடுகைக்குத் தட்டுதான்.

---

இரைச்சல் நீக்கிய மறுபதிப்பு வாங்குகிறவர்கள் சுத்தியல் கம்பியில் விழும் 'டக்'கைக் கவனியுங்கள். சீறலோடு அதுவும் போயிருந்தால் ஸ்ட்ரைடின் துள்ளல் பாதி போச்சு. சீறல் இருக்கும் பிரதியையே எடுங்கள்.