கோடை முகாம் வேலை வருஷ வேலையானது எப்படி? டெல்டாக்காரர்கள் சொல்லும் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:

ஏப்ரல் பிறந்துவிட்டால் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் தொடங்கி நம் பக்கத்து மைதானங்கள் எல்லாம் கோடைப் பயிற்சி முகாம்களால் களைகட்டிவிடும். தனியார் அகாடமிகளும் அப்போதுதான் ஆள் எடுப்பார்கள். கல்லூரி முடித்து, கொஞ்சம் மேட்ச் ஆடியிருக்கும் பசங்களுக்கு மே மாதக் கடைசி வரை சம்பளம் உண்டு. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் மைதானம் காலி. "அடுத்த வருஷம் வாப்பா" என்று அனுப்பிவிடுவார்கள்.

நானும் அப்படி ஒரு கிரிக்கெட் அகாடமியில் சேர்ந்தவன்தான். இப்போது அங்கேயே முழு நேர வேலை. பந்து போட, கேட்ச் பயிற்சி கொடுக்க அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. பிட்சைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

எங்களுடையது விவசாயக் குடும்பம். மண் பதம் பார்ப்பது அப்பாவிடம் கற்றது. களிமண் பிட்சில் தண்ணீர் விட்ட பிறகு எப்போது ரோலர் ஓட்டுவது என்பதில்தான் சூட்சுமம். ஈரம் கூடுதலாக இருந்தால் மண் ரோலரில் ஒட்டிக்கொண்டு பாளம் பாளமாக உரிந்து வரும். காய்ந்துவிட்டாலோ ரோலர் சும்மா உருண்டு போகும், மண் அமுங்காது. கட்டைவிரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் விரலில் மண் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் முதலில் லேசான ரோலர், அப்புறம் கனமான ரோலர். கோடையில் அந்தப் பதம் வெயில் ஏறுவதற்குள் கைநழுவிவிடும். அதனால் விடியற்காலையிலேயே போய்விடுவேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

மே மாதம் பாதியிலேயே முதலாளியிடம் பேசினேன். கடைசி நாள் வரை காத்திருந்தால், கணக்கு முடித்துக் கையில் கொடுத்துவிட்ட பிறகு யாரும் நின்று கேட்க மாட்டார்கள். போகும்போது ஒரு தாள் எழுதிக் கொண்டுபோனேன். ஜூனுக்குப் பிறகும் சனி, ஞாயிறு வரத் தயாராக இருக்கும் பிள்ளைகளின் பெயர், அவர்கள் வீட்டில் சம்மதித்த மாதக் கட்டணம், அதில் என் சம்பளம் போக மிச்சம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிட்சை மூடவும் வடிகாலைப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும் என்பதையும் சொன்னேன். டெல்டாவில் மைதானம் வைத்திருப்பவருக்கு அந்த இரண்டு மாதம்தான் பெரிய கவலை. "சரி, இரு" என்றார்.

மயிலாடுதுறையிலிருந்து:

அண்ணே, நீங்கள் சொன்ன தாள் விஷயத்தை நான் முன்னாடியே கேட்டிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். நான் பி.பி.எட். என்ற இரண்டு வருஷ உடற்கல்விப் படிப்பில் கற்பித்தல் பயிற்சிக்கு ஒரு தனியார் பள்ளிக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஆண்டு விளையாட்டு விழாவுக்கு அணிவகுப்பு, டிரில், டிராக்குக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது என எல்லாமே என் தலையில்தான். படிப்பு முடிந்த பிறகும் விழா வேலைக்குக் கூப்பிட்டார்கள். வேலை பற்றிக் கேட்டால் "ஜூன்ல பாக்கலாம்மா" என்பார்கள். ஜூன் வந்தது, அவர்கள் பார்க்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பெண்களிடம் இலவசமாக வேலை வாங்குவது இந்தத் துறையில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

என்னைக் காப்பாற்றியது குறுவட்டப் போட்டிகள்தான், அதாவது பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டிகள். பெண்கள் அணியை வெளியூர் கூட்டிப்போகப் பெண் ஆசிரியர் இல்லாமல் தவிக்கும் பள்ளிகள் நிறைய. அப்படி ஒரு பள்ளிக்கு, அந்தப் போட்டிக்கு மட்டும் துணையாகப் போனேன். கோ-கோ அணி குறுவட்டத்தில் ஜெயித்து வருவாய் மாவட்டப் போட்டிக்கு வந்தது. வயதுச் சான்று, நுழைவுப் படிவம் எல்லாவற்றையும் 14, 17, 19 வயதுப் பிரிவு வாரியாக நான்தான் கோப்பு போட்டு வைத்திருந்தேன். அடுத்த வாரமே தலைமையாசிரியை அம்மா, "இந்தக் கோப்பை யார் பாத்துக்குவா? நீயே வந்துடும்மா" என்றார்.

இந்த முறை பணி ஆணை கையில் வாங்கிய பிறகுதான் சேர்ந்தேன். பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி பற்றியும் கேட்டேன். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 15,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் பிடித்தே ஆக வேண்டும். தங்கச்சிகளே, இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கேட்டதற்காக யாரும் என்னைத் தப்பாக நினைக்கவில்லை.

வடுவூர்ப் பக்கமிருந்து:

எங்கள் பக்கம் கபடிதான் என்று எல்லோருக்கும் தெரியும். பொங்கல் முடிந்தால் ஊருக்கு ஊர் டியூப் லைட் கட்டி ராத்திரிப் போட்டி. ஆடி முடித்த வயதில் நான் நடுவராக விசில் எடுத்தேன். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார்கள், சாப்பாடும் போடுவார்கள். ஆனால் சீசன் முடிந்தால் சும்மாதான்.

ஊர்ப் போட்டி மண் களத்தில் நடக்கும். மாவட்டம் தாண்டினால் மேட், அதாவது விரிப்பு. மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பையன் ஷூ போட்டு மேட்டில் ஏறினால் முதல் ரெய்டிலேயே தடுமாறுவான், திரும்பும் இடத்தில் கால் பிடித்துக்கொள்ளும். அதற்கென்று தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். நான் மெனக்கெட்டு அதைக் கற்றேன். ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8 மீட்டர் என்று களம் போடுவதிலிருந்து ஸ்கோர் ஷீட் எழுதுவது வரைக்கும் பழகி, நடுவர் தேர்வும் எழுதினேன். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளுக்குப் போன இடத்தில் ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் என் வேலையைப் பார்த்தார். அந்தக் கல்லூரியில் கபடிப் பயிற்சியாளர் இடம் கிடைத்தது. முதலில் மதிப்பூதியம், அப்புறம் மாதச் சம்பளம்.

ஊர்ப் போட்டியில் நல்ல பெயர் எடுத்தால் வேலை தானாக வரும் என்று இங்கே நிறையப் பசங்க நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வராது. வேலை கொடுப்பவர் கண்ணில் படுகிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து:

ஒரு கேள்வி. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கிறதே, அதற்குக் காத்திருக்கலாமா? இப்போது நீச்சல் குளத்தில் கோடை பேட்சுக்கு மட்டும் வேலை பார்க்கிறேன்.

வடுவூர்ப் பக்கமிருந்து:

விண்ணப்பம் போடு தம்பி, ஆனால் அதை நம்பிச் சும்மா உட்கார்ந்துவிடாதே. அங்கீகரிக்கப்பட்ட போட்டிச் சான்றிதழ்தான் எடுபடும், ஊர்ப் போட்டிக் கேடயம் அங்கே செல்லாது. பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ் பயிற்சிக்கும் முயற்சி பண்ணு. உயிர்காப்புப் பயிற்சிச் சான்றும் கையில் இருந்தால் குளம் நடத்துபவர் உன்னை எளிதில் விடமாட்டார்.

கும்பகோணத்திலிருந்து:

தம்பி, குளத்துத் தண்ணீரின் குளோரின் அளவையும் பி.எச். என்ற அமில, காரத் தன்மை அளவையும் பார்க்கக் கற்றுக்கொள். பேட்ச் முடிந்தாலும் குளத்தில் தண்ணீர் இருக்கிறவரை தினமும் அதைப் பார்த்தாக வேண்டும். உங்கள் குளத்தில் இப்போது அதை யார் பார்க்கிறார்கள்?