ஊட்டிக் குளிரில் கோழி: இவ்வளவு மூடி வைத்தும் சாகிறதே?

கோபிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கோபி பக்கம். வீட்டுக்காரர் கேரட் தோட்டம் பார்ப்பதால் போன வருஷம் நஞ்சநாடு பக்கம் குடிவந்தோம். அம்மா வீட்டில் கோழிக்கென்று கொட்டகையே கிடையாது. ராத்திரி பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் முடிந்தது, பாதி முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். அந்த நினைப்பில் இங்கேயும் பதினெட்டு சிறுவிடை நாட்டுக்கோழி கொண்டுவந்தேன்.

நவம்பர் கடைசியில் நீர்ப்பனி விழ ஆரம்பித்ததும் பயந்துவிட்டேன். எட்டுக்கு ஆறடி கொட்டகை, மேலே தகர ஷீட், மண் தரை. சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டி, இடுக்கிலெல்லாம் கோணிச்சாக்கு திணித்தேன். உள்ளே 100 வாட் குண்டு பல்பு. ஊசி நுழைய இடமில்லை. அதற்கு அப்புறம்தான் ஆறு கோழி போனது. மூக்கில் சளி, கொர் கொர் என்று சத்தம், ஒரு கண் வீக்கம். முட்டையும் நின்றுவிட்டது. இன்னும் உறைபனியே விழவில்லை, அதற்குள் இப்படி. பக்கத்து வீட்டு அக்கா உள்ளே கரி அடுப்பு வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா?

பழைய மேஸ்திரி:

கரி அடுப்பை முதலில் மறந்துவிடும்மா. மூடிய இடத்தில் கரி கனிந்தால் வரும் வாயுவுக்கு மணமே கிடையாது. குளிருக்கு அடுப்பை உள்ளே வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத கதை இந்த மலையில் எத்தனையோ கேட்டாயிற்று. கோழிக்கும் அதே கதிதான்.

நாளைக் காலையில் ஒரு வேலை செய். கதவைத் திறந்ததும் கோழியை விரட்டாமல் நீயும் உள்ளே போய்க் குந்து. கோழி மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அங்கே உன் மூக்கு இருக்கட்டும். கண் எரிகிறதா? அந்தக் காற்றைத்தான் அவை ராத்திரி முழுக்க இழுக்கின்றன. அப்புறம் அண்ணாந்து ஷீட்டைப் பார். அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். விரலால் தொட்டால் ஒன்றோடொன்று சேர்ந்து கோடாக ஓடிச் சொட்டும். அது பனியும் இல்லை, மழையும் இல்லை. உன் கோழிகள் விட்ட மூச்சு. எச்சத்திலும் முக்கால் பங்கு தண்ணீர்தான். வெளியே போக வழியில்லாமல் மேலே ஏறி, குளிர்ந்த தகரத்தில் பட்டு, திரும்ப அவற்றின் முதுகிலேயே விழுகிறது.

கோழிக்கு உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல். இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் நம் கம்பளியெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். இறகு நனைந்தால் மட்டும் அவ்வளவுதான், ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்ட மாதிரி.

எனக்கு இது விளங்க மூன்று குளிர்காலம் ஆனது. முதல் வருஷம் தார்ப்பாய்க்குப் பதில் சுவர் முழுக்க தெர்மாகோல் அட்டை அடித்தேன். ஒரே வாரத்தில் கொத்தித் தின்றே தீர்த்துவிட்டன. எச்சம் வெள்ளை வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது என்று டாக்டரிடம் ஓடினேன். அவர் எச்சத்தைக் குச்சியால் கிளறிவிட்டுச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, இப்போது செய்யவேண்டியது. கூரைக்குக் கீழே, நீளவாக்கில் இரண்டு பக்கமும் அரையடி திறந்துவிடு. அதில் அரை இஞ்ச் வெல்டு மெஷ் அடி. மெல்லிய கோழிவலை வேண்டாம், மரநாய்க்கு அது நூல்கண்டு. திறப்பு கோழி தலைக்கு மேலே இருக்கவேண்டும். கீழே காற்று நேராக அடிக்கக்கூடாது, பலகை இருக்கட்டும். உட்காரும் கட்டை இரண்டுக்கு மூன்று இஞ்ச் ரீப்பர் சட்டம், அகலப் பக்கம் மேலே. அப்போதுதான் கால் விரல் மேல் இறகு மூடி உட்காரும். வட்டக் கழியில் விரல் வெளியே நிற்கும்.

மண் தரையில் அரையடிக்கு இழைப்புச் சுருள் கொட்டு. தச்சுப்பட்டறையில் கேட்டால் மூட்டை மூட்டையாகக் கொடுப்பார்கள். தூள் வேண்டாம், சுருள்தான். உமி வேண்டுமென்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டிக்காரரிடம் சொல்லிவைக்கவேண்டும். வாரம் இரண்டு தடவை கிளறி, கட்டி தட்டியதை அள்ளிப் போடு. தண்ணீர்த் தட்டை சாயங்காலம் வெளியே எடுத்துவிடு. இருட்டில் கோழி குடிக்காது, தட்டிவிட்டு ஈரமாக்கத்தான் செய்யும். காலையில் வெதுவெதுப்பாக வை. அடையும் நேரத்தில் ஒரு கை மக்காச்சோளம் கூடப் போடு. அது செரிக்கிற சூடு ராத்திரிக்கு உதவும். அவ்வளவு கேரட் தழை இருக்கிறதே என்று அள்ளிப் போட்டுவிடாதே, மருந்தடித்து எத்தனை நாள் ஆனது என்று வீட்டுக்காரரைக் கேள்.

கொட்டகை ஓடைப் பக்கமா, மேட்டிலா? குளிர்ந்த காற்று கனம், தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஒரே தோட்டத்தில் கீழே கருகி நிற்கும், நாலு படி மேலே பச்சையாக இருக்கும். நீயே பார்த்திருப்பாய்.

சளிக்கு நான் மருந்து சொல்லமாட்டேன். கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போ. சளி பிடித்ததைத் தனியாக வை. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டாயா என்று எழுதவே இல்லையே? வழக்கமாக பிப்ரவரியில் இலவச முகாம் போடுவார்கள், விட்டுவிடாதே.

வடலிக்காட்டான்:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில் ஒன்டாரியோ நாட்டுப்புறத்தில் இருக்கிறேன். இங்கே ஜனவரி இரவுகளில் மைனஸ் 25 வரை போகும். என் பதினொரு கோழிகளும் ஹீட்டர் இல்லாத மரக்கொட்டிலில்தான் படுக்கின்றன. மேஸ்திரி ஐயா சொன்ன மேல் திறப்பை ஒரு வருஷம் நான் பாவம் பார்த்து அடைத்தேன். அந்த வருஷம்தான் சேவலின் கொண்டை நுனி கறுத்து உதிர்ந்தது. குளிரோடு ஈரமும் சேர்ந்தால் கொண்டையைத்தான் முதலில் பிடிக்கும். இதற்காகவே கியூபெக்கில் ஒரு துறவி சாண்டக்ளேர் என்று ஓர் இனத்தை உருவாக்கினார். கொண்டை பொத்தான் அளவுதான். என்னிடம் மூன்று பேடுகள் அந்த இனம். அழகு ஒன்றும் சொல்வதற்கில்லை.

அந்த 100 வாட் பல்பையும் கழற்றுங்கோ. சுருள் கொட்டிய தரையில் சூடான பல்பு விழுந்தால் காலையில் சாம்பல்தான் மிஞ்சும்.

பூம்பாறை பூண்டு:

பெரியவர் சொன்னதெல்லாம் வளர்ந்த கோழிக்குச் சரி. இதைப் படித்துவிட்டு யாரும் குஞ்சைத் திறந்த கொட்டகையில் விட்டுவிடாதீர்கள். முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரம் மூன்று டிகிரி குறைக்கலாம். கீழ்நாட்டில் மூன்று வாரத்தில் பல்பைக் கழற்றுவார்கள், கொடைக்கானல் மேல்மலையில் நான் ஆறு வாரம் வைக்கிறேன். தெர்மாமீட்டரை விட குஞ்சைப் பாருங்கள்: பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு.

முட்டை நின்றதற்குக் குளிரை மட்டும் திட்டவேண்டாம். டிசம்பரில் நம் பக்கம் பகல் பதினொன்றரை மணி நேரம்தான், இறகு உதிர்க்கும் பருவமும் சேர்ந்தால் எந்தக் கோழியும் ஓய்வெடுக்கும்.

கோபிக்காரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மேஸ்திரி ஐயா சொன்ன மாதிரி குந்திப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அன்றைக்கே தார்ப்பாயை அவிழ்த்தோம். வீட்டுக்காரர் மேலே மெஷ் அடித்தார், "இப்போது விறைத்துச் சாகப்போகுது பார்" என்று சொல்லிக்கொண்டேதான் அடித்தார்.

மருந்தகத்தில் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகும் ஒன்று செத்தது, மீதி பதினொன்றும் தேறிவிட்டன. நேற்றுக் காலை புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளை, வாசலில் இருந்த வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி ஏடு கட்டியிருந்தது. கொட்டகைக்குள் ஷீட் காய்ந்து கிடந்தது. சேவல் கட்டையில் உட்கார்ந்தபடியே என்னை முறைத்தது. கொட்டகை ஓடைப் பக்கம்தான் ஐயா, வெயில் காலத்தில் மேட்டுக்கு மாற்றுகிறோம்.

இன்னொன்று: செம்பட்டைப் பேடு ஒன்று முட்டையே இல்லாத கூடையில் நாலு நாளாக அடை உட்கார்ந்திருக்கிறது, இறக்கிவிட்டால் கொத்துகிறது. இந்தக் குளிரில் முட்டை வைக்கலாமா?

பழைய மேஸ்திரி:

வை. ஏழு முட்டைக்கு மேல் வேண்டாம், ஓரத்து முட்டை குளிர்ந்துபோகும். கூடையை சமையலறை மூலைக்குக் கொண்டுபோய்விடு, 21 நாள் வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்ளட்டும்.