1999 கமாரோவின் எல்எஸ்1 இன்ஜினில் எல்எஸ்6 இன்டேக் மேனிஃபோல்டைப் பொருத்தினால் எவ்வளவு பலன் கிடைக்கும்?

எட்டு சிலிண்டர் எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் வசிக்கும் என்னிடம் 1999ஆம் ஆண்டின் கமாரோ இசட்28 ஒன்று இருக்கிறது. 5.7 லிட்டர் எல்எஸ்1 இன்ஜினும் ஆறு கியர் கொண்ட மேனுவல் கியர்பாக்ஸும் உள்ள வண்டி இது. கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களின் மேல்பாகம்), எக்ஸாஸ்ட் ஆகிய எதையும் நான் மாற்றியதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இன்ஜின் இன்றும் சீராக ஓடுகிறது.

அருகிலுள்ள பழைய வண்டி உதிரிபாகக் கிடங்கில், விபத்தில் சிக்கிய 2002ஆம் ஆண்டு ஃபயர்பேர்ட் ஒன்றிலிருந்து கழற்றிய இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பாகம்) விற்பனைக்கு இருக்கிறது. அது எல்எஸ்6 மேனிஃபோல்டுதான் என்று கடைக்காரர் சொல்கிறார். 2001ஆம் ஆண்டில் வந்த கொர்வெட் இசட்06இன் எல்எஸ்6 இன்ஜின் 385 குதிரைத்திறன் கொடுத்தது என்றும், என் வண்டியின் எல்எஸ்1 இன்ஜினுக்கு 305 குதிரைத்திறன் என்றே குறிக்கப்பட்டிருந்தது என்றும் அறிவேன். இரண்டுமே 5.7 லிட்டர் இன்ஜின்கள் என்பதால், இந்த 80 குதிரைத்திறன் வித்தியாசத்தில் மேனிஃபோல்டின் பங்கு எவ்வளவு என்பதே என் முதல் கேள்வி. ஃபயர்பேர்டில் இருந்த பாகம் உண்மையிலேயே எல்எஸ்6 இன்ஜினுக்குரியதா, என் இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யாமல் அது அப்படியே உட்காருமா என்பவற்றையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முறுக்குவிசை எழுதியது:

கடைக்காரர் சொன்னது சரி. 2001ஆம் ஆண்டு மாடலிலிருந்து எல்எஸ்1 இன்ஜின்களுக்கும் எல்எஸ்6இன் மேனிஃபோல்டையே ஜெனரல் மோட்டார்ஸ் பொருத்தத் தொடங்கியது. ஆகவே 2001, 2002 கமாரோவிலும் ஃபயர்பேர்டிலும், 2001 முதல் 2004 வரையிலான சாதாரண கொர்வெட்டிலும், 2004ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓவிலும் இருப்பது அதே பாகம்தான். இசட்06இலிருந்து எடுத்தது என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவர்களிடம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்குமுன் மேனிஃபோல்டைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழைய எல்எஸ்1 மேனிஃபோல்டின் அடிப்பகுதி, கீழே ஓடும் கூலன்ட் குழாய்க்கு இடம் விடுவதற்காக மேல்நோக்கிக் குழிந்திருக்கும். எல்எஸ்6இல் அந்தக் குழிவு நீக்கப்பட்டு, அடிப்பகுதி ஏறக்குறைய தட்டையாக, கீழே தாழ்ந்து இருக்கும். அந்தக் குழிவை நீக்கியதால் உள்ளே கிடைத்த கூடுதல் கொள்ளளவும், காற்று தடையின்றி ரன்னருக்குள் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் காற்றுக் குழாய்க்குள்) திரும்பும் வழியுமே இந்தப் பாகத்தின் சிறப்பு.

அடுத்து 80 குதிரைத்திறன் கணக்குக்கு வருகிறேன். அதில் பெரும்பகுதி மேனிஃபோல்டினால் வந்ததன்று. எல்எஸ்6 இன்ஜினில் அழுத்த விகிதம் 10.5:1 ஆக உயர்த்தப்பட்டது. சிலிண்டர் ஹெட்டின் காற்றுவழிகள் மாற்றி வடிவமைக்கப்பட்டன. வால்வுகளை அதிகமாகவும் நீண்ட நேரமும் திறக்கும் கேம்ஷாஃப்ட் வைக்கப்பட்டது. அதற்கேற்ற வலிமையான வால்வு ஸ்பிரிங்குகளும் சேர்ந்தன. 2002இல் அதே இன்ஜின் 405 குதிரைத்திறனுக்கு உயர்ந்தபோதும் மேனிஃபோல்டு மாறவில்லை. மீண்டும் ஒரு முறை கேம்ஷாஃப்ட் மாறியது என்பதைக் கவனியுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கமாரோவுக்குக் குறிக்கப்பட்ட 305 குதிரைத்திறன், இன்ஜினின் உண்மையான திறனைக் குறைத்துச் சொன்ன எண் என்பது பரவலான கருத்து. ஏறக்குறைய அதே இன்ஜினுக்குக் கொர்வெட்டில் 345 என்று குறிக்கப்பட்டது. ஆகவே உங்கள் இன்ஜினுக்கும் எல்எஸ்6க்கும் உள்ள உண்மையான இடைவெளி, நீங்கள் கணக்கிட்ட 80ஐ விடக் குறைவாகவே இருக்கும்.

மேனிஃபோல்டின் பங்கை மட்டும் மதிப்பிட, தொழிற்சாலையின் எண்களே நல்ல சான்று. புதிய மேனிஃபோல்டு வந்த 2001இல் கமாரோ இசட்28 305இலிருந்து 310க்கும், சாதாரண கொர்வெட் 345இலிருந்து 350க்கும் உயர்ந்தன. அந்த ஆண்டில் எல்எஸ்1இன் கேம்ஷாஃப்டும் சற்று மாறியது என்பதால், அந்த 5 குதிரைத்திறனையும் மேனிஃபோல்டின் கணக்கில் முழுதாக எழுத முடியாது. மாற்றம் எதுவும் செய்யாத எல்எஸ்1இல் இதை மட்டும் மாற்றியவர்கள் டைனோவில் (திறனை அளக்கும் கருவியில்) பின்சக்கரத்தில் பெறுவது பொதுவாக 10 குதிரைத்திறனை ஒட்டியே இருக்கிறது. அதுவும் இன்ஜின் வேகத்தின் மேல்பகுதியில்தான் தெரியும்.

ஏன் மேல்பகுதியில் மட்டும் தெரிகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்குப் போதும். 5.665 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு இன்ஜின், இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை தன் கொள்ளளவு முழுவதையும் உறிஞ்சுகிறது. சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், 2,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,665 லிட்டர் காற்று போதும். உங்கள் இன்ஜின் உச்சத் திறனைக் கொடுக்கும் 5,200 ஆர்பிஎம்மிலோ நிமிடத்துக்கு 14,700 லிட்டருக்கு மேல் வேண்டும். 2,000இல் பழைய மேனிஃபோல்டே தேவைக்கு அதிகமான வழியைக் கொடுக்கிறது. 5,000ஐத் தாண்டும்போதுதான் அதன் நெரிசல் புலப்படுகிறது. கேம்ஷாஃப்டையும் ஹெட்டையும் மாற்றி, 6,000க்கு மேலும் திறன் குறையாமல் சுழலும் இன்ஜினில் எல்எஸ்6 மேனிஃபோல்டின் பலன் கூடுவதும் இதே காரணத்தால்தான்.

உங்கள் நோக்கம் இந்த ஒரு மாற்றத்தோடு நிற்பது என்றால், செலவுக்கேற்ற பலன் இல்லை என்பதே என் கருத்து. பின்னாளில் கேம்ஷாஃப்ட் மாற்றும் எண்ணம் இருந்தால், நல்ல நிலையில் உள்ள இந்தப் பாகத்தைத் தயங்காமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

கருப்பு ஃபயர்பேர்ட் எழுதியது:

முறுக்குவிசை அவர்கள் பலனைப் பற்றி எழுதியதை ஏற்கிறேன். பொருத்தும் வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். "அப்படியே உட்காருமா" என்ற கேள்விக்கு விடை, உட்காராது என்பதே.

முதல் தடை கூலன்ட் ஆவிக் குழாய். உங்கள் 1999 இன்ஜினில் இரண்டு ஹெட்டுகளின் முன்முனைகளிலிருந்தும் பின்முனைகளிலிருந்தும் மெல்லிய உலோகக் குழாய்கள் கிளம்பி ஒன்றாக இணைகின்றன. ஹெட்டுக்குள் தங்கும் ஆவியையும் காற்றுக் குமிழிகளையும் வெளியேற்றுவதே அவற்றின் வேலை. தாழ்ந்த அடிப்பகுதியுள்ள எல்எஸ்6 மேனிஃபோல்டு, பின்பக்கக் குழாயின் மேல் இடிக்கும். ஆகவே பின்குழாயை அகற்றி, அந்த இரண்டு துளைகளையும் பிந்தைய இன்ஜின்களுக்கென்றே வந்த மூடிகளால் அடைக்க வேண்டும். முன்பக்கக் குழாய் மட்டும் தொடர்ந்து வேலை செய்யும். தொழிற்சாலையே பிற்காலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு மாறிவிட்டதால் இதில் அச்சப்பட ஒன்றுமில்லை. வேலை தொடங்குமுன் ரேடியேட்டரிலிருந்து சிறிது கூலன்ட்டை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் குழாயைக் கழற்றியதும் அது இன்ஜினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையிலுள்ள நடுப்பள்ளத்தில் வழிந்து தேங்கும்.

இரண்டாவது, ஃப்யூவல் ரயில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து கொடுக்கும் குழாய். 1999ஆம் ஆண்டு ரயில் எல்எஸ்6 மேனிஃபோல்டில் சரியாகப் பொருந்தும். 1997, 1998 வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், அவர்களுடைய ரயில் பொருந்தாது என்பதையும், 1999க்குப் பிந்தைய ரயில் தேவைப்படும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரயிலைக் கழற்றுமுன் அதிலுள்ள அழுத்தத்தை இறக்குவது கட்டாயம். இந்த இன்ஜினில் பெட்ரோல் 58 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிற்கிறது. சூடான இன்ஜினின் மேல் அது பீறிட்டால் தீப்பிடிக்கும்.

கழற்றும்போது அதிகப் பொறுமை தேவைப்படும் இடம் பின்பக்கம்தான். கமாரோவில் இன்ஜினின் பின்பாதி முன்கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டுக்கு உள்ளே மறைந்திருப்பதால், பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் வெற்றிடக் குழாயையும் மேனிஃபோல்டின் உள்ளழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சாரின் இணைப்பையும் கண்ணால் பார்க்காமல் கையால் தடவியே எடுக்க வேண்டும். பத்து போல்ட்டுகளும் எட்டு மில்லிமீட்டர் தலை கொண்டவை. மேனிஃபோல்டைத் தூக்குமுன் அதன் ஓரங்களில் படிந்திருக்கும் மணலையும் சருகையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். தூக்கியவுடன் ஹெட்டில் திறந்து கிடக்கும் எட்டுத் துளைகளையும் டேப்பால் மூடுங்கள். சிறு கல் ஒன்று திறந்த வால்வின் வழியாக உள்ளே விழுந்தால், ஹெட்டையே கழற்றும்படி ஆகிவிடும்.

இனி எழுதுவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இந்த இன்ஜினின் இரண்டு நாக் சென்சார்களும் (எரிபொருள் தவறாக வெடிக்கும்போது எழும் அதிர்வை உணர்பவை) மேனிஃபோல்டுக்கு அடியில், நடுப்பள்ளத்து மூடியிலுள்ள குழிகளுக்குள் நிற்கின்றன. மேலிருந்து சொட்டும் மழைநீர் ரப்பர் மூடியைத் தாண்டிப் பின்குழிக்குள் இறங்கித் தேங்குவதும், அந்தச் சென்சார் துருப்பிடிப்பதும், பி0332 என்ற பிழைக் குறியீடு வருவதும் எல்எஸ்1 வண்டிகளில் நன்கு அறியப்பட்டவை. அதன் பின் இன்ஜினைக் காக்க வேண்டிக் கணினி இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளும். அப்போது புதிய மேனிஃபோல்டு கொடுக்கும் சிறு பலனும் கையில் நிற்காது. ஆகவே மேனிஃபோல்டு வெளியே இருக்கும்போதே இரண்டு சென்சார்களையும் அவற்றின் ஒயரையும் புதிதாக மாற்றி, 20 நியூட்டன் மீட்டர் முறுக்கில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அந்த இறுக்கம் கூடினாலும் குறைந்தாலும் சென்சார் உணரும் அதிர்வு மாறிவிடும். பின் ரப்பர் மூடியைச் சுற்றிச் சிலிக்கோனால் ஒரு சிறு வரப்புக் கட்டினால் நீர் உள்ளே இறங்காது. ஆயில் பிரஷர் சென்சாரும் அதே மூடிக்குப் பின்னால், இன்ஜின் பிளாக்கின் மேற்புறத்தில் இருப்பதால், அதையும் இந்த வேலையோடு மாற்றிவிடுவது நல்லது.

திரும்பப் பொருத்தும்போது பழைய கேஸ்கெட்டுகளை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். மேனிஃபோல்டு கண்ணாடியிழை கலந்த நைலானால் ஆனது என்பதால் அளவுக்கு மீறி இறுக்கினால் விரிசல் விடும். நடுவிலிருந்து வெளிப்புறமாக முதல் சுற்றில் 5 நியூட்டன் மீட்டரும், இரண்டாம் சுற்றில் 10 நியூட்டன் மீட்டரும் போதும். பார்ப்பதற்குக் குறைவாகத் தோன்றினாலும் அந்த எண்ணைத் தாண்டாதீர்கள்.

எட்டு சிலிண்டர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பின்பக்க ஆவிக் குழாயைப் பற்றியும் நாக் சென்சாரைப் பற்றியும் நான் சிறிதும் அறிந்திருக்கவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. என் இன்ஜினில் ஈஜிஆர் வால்விலிருந்து (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் வால்வு) ஒரு குழாய் மேனிஃபோல்டுக்குள் நுழைகிறது. கடையில் பார்த்த பாகத்தில் அதற்கான துளையே இல்லை. அதை என்ன செய்வது? அதே கடையில் சில்வராடோ 5.3 லிட்டர் டிரக் இன்ஜினின் மேனிஃபோல்டும், 2008 கொர்வெட்டின் எல்எஸ்3 மேனிஃபோல்டும் கிடக்கின்றன. அவற்றில் ஏதேனும் இதைவிடப் பொருத்தமாக இருக்குமா?

முறுக்குவிசை எழுதியது:

எல்எஸ்3 மேனிஃபோல்டை மறந்துவிடுங்கள். உங்கள் ஹெட்டின் காற்றுத் துளைகள் உயரமாகவும் குறுகலாகவும் மேலே கூம்பியும் இருக்கும். எல்எஸ்3இன் துளைகள் அகன்ற செவ்வகங்கள். ஹெட்டுகளையும் சேர்த்து மாற்றாமல் அதைப் பொருத்த இயலாது.

டிரக் மேனிஃபோல்டு உங்கள் ஹெட்டுக்குப் பொருந்தும் வகைதான். அதன் நீண்ட ரன்னர்கள் நடுத்தர வேகத்தில் நல்ல முறுக்குவிசை கொடுக்கும் என்பதால் அதைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. ஆனால் உயரம் மிக அதிகம். கமாரோவின் அசல் பானெட் அதன் மேல் மூடாது.

ஈஜிஆர் விஷயத்தை நீங்கள் கேட்டது நல்லது. 2001இல் கமாரோவிலிருந்து ஈஜிஆர் நீக்கப்பட்டதால்தான் அந்தத் துளை இல்லை. வால்வைக் கழற்றி வழியை அடைத்துவிட்டால், கணினி அதை உணர்ந்து பி0401 போன்ற குறியீட்டைப் பதிவு செய்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும். கணினி மென்பொருளில் அதை அணைத்துவிடலாம் என்று பலர் எளிதாகச் சொல்வார்கள். தொழிற்சாலையில் பொருத்திய மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சாலையில் ஓடும் வண்டியிலிருந்து அகற்றுவதை அமெரிக்க மத்திய அரசின் தூய காற்றுச் சட்டமே தடை செய்கிறது; உங்கள் மாநிலத்தில் புகைச் சோதனை இல்லாவிட்டாலும் இந்தத் தடை பொருந்தும். கலிபோர்னியாவில் விதிகள் இன்னும் கடுமையானவை. எல்எஸ்6 மேனிஃபோல்டில் அளவாகத் துளையிட்டு, பழைய ஈஜிஆர் குழாயை அதில் இணைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சூடான புகை நைலானில் நேரே படாதபடி செய்ய வேண்டிய நுணுக்கமான வேலை அது என்பதால், முன்பே செய்து பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

கருப்பு ஃபயர்பேர்ட் எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். காற்றின் அளவை எம்ஏஎஃப் சென்சார் நேரடியாக அளப்பதால், மேனிஃபோல்டை மாற்றியதும் டியூனிங் இல்லாமலேயே இன்ஜின் ஓடும். ஆனால் எரிபொருள் திருத்த அளவுகளை (கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை) ஸ்கேனரில் வேலைக்கு முன்பே பதிவு செய்து வைத்து, மாற்றிய பின் சில நாட்கள் ஓட்டிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஜினின் இரண்டு பக்கமும் முன்பைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால் எங்கோ வெற்றிடக் கசிவு, அதாவது வெளிக்காற்று உள்ளே புகும் இடம், இருக்கிறது. பெரும்பாலும் கேஸ்கெட் ஒன்று பள்ளத்தை விட்டு நழுவியிருக்கும், அல்லது பின்பக்கத்து பிரேக் பூஸ்டர் குழாய் சரியாக ஏறியிருக்காது. உங்கள் பழைய மேனிஃபோல்டையும் அதன் குழாய்களையும் விற்றுவிடாதீர்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து அங்கே சோதனைக்கு வண்டியைக் கொண்டுசெல்ல நேர்ந்தால் அவை தேவைப்படலாம்.